தையல் வகுப்பில் நான் கேட்ட கேள்வி

குடியைக் கைவிட உதவும் கூட்டம் எங்கள் மாத்தளையிலேயே நடக்கிறது. என் முச்சக்கரவண்டியை ஊரே அடையாளம் கண்டுவிடும் என்று வெட்கப்பட்டு, அலுவிகாரையிலிருந்து பஸ் ஏறித் தம்புள்ளைக் கூட்டத்துக்குப் போனேன்.

அங்கே ஓர் அறையின் கதவைத் திறந்து, "குடிய நிப்பாட்டுற கூட்டம் இதுதானுங்களா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே நடந்தது தையல் வகுப்பு. நிமிர்ந்து பார்த்த பெண்களில் ஒருத்தி பக்கத்து வீட்டுச் செல்வி. உடம்பெல்லாம் கூசிப்போய்த் திரும்பி நடந்தேன்.

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"போகாதீங்க அண்ணே. அடுத்த ரூம்தான். எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நாங்களும் இவ்வளவு தூரம் வர்றோம்."

தலைகுனிந்தபடியே உள்ளே போனேன்.

இப்போது நானும் அவள் கணவரும் மாத்தளைக் கூட்டத்துக்கே போகிறோம், என் வண்டியில். வெட்கம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் கூட்டம் தொடங்கும்வரை வாசலில் நிற்கிறேன். யாராவது தயங்கினால், "இங்கதாங்க, வாங்க" என்று நானே கூப்பிடுகிறேன்.