ஞாயிறு அக்கா விடுப்பில் இருக்கிறார்

கண்ணாடியின் மூக்குப் பட்டையை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா பாதியில் நிறுத்தி, வேலைக் கோட்டின் பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது உள்ளங்கையில் ஏதோ கிறுக்கிக்கொள்வார். தன் பவரைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று எதிரே நிற்கும் வாடிக்கையாளர் நினைப்பார். அது பவர் இல்லை; சற்று முன் அந்த வாடிக்கையாளரே சொன்ன ஒரு வார்த்தை. ஞாயிறு காலையில் அது மடலாகி, பல ஊர்களில் இருக்கும் வாசகர்களின் கைப்பேசியில் போய் விழும்.

எங்கள் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அக்காவின் வேலை. கண் பரிசோதிப்பது என் வேலை. வாரம் தவறாமல் இணையத்தில் மடல் எழுதுவதால் வாசகர்கள் அவருக்கு வைத்த பெயர் ஞாயிறு அக்கா. மடலில் பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. புதுக் கண்ணாடி போட்டதும் மனைவியின் முகத்தைப் பார்த்து, "இந்த மச்சம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டு மாட்டிக்கொண்ட கணவர் மாதிரி யாராவது வருவார்கள். படித்து முடித்தால் மனசு லேசாகியிருக்கும். நானும் அப்படி நாலு வரி எழுதிப் பார்த்ததுண்டு. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

காய்ச்சலோடு எழுதியிருக்கிறார். பல் பிடுங்கிய வாயில் பஞ்சைக் கடித்தபடி எழுதியிருக்கிறார். "வரேன்னு சொன்னா வந்து நிக்கணும் தம்பி. நாலு பேரு காபியக் கையில வெச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க" என்பார்.

சிக்கல் வீட்டில்தான் தொடங்கியது. அவர் மகள் கார் ஓட்டும் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுத்து, தேர்வு நடத்த வந்தவரின் ஸ்கூட்டரையே சாய்த்துவிட்டாள். அக்கா அதை எழுதினார். பிரமாதமாக எழுதிவிட்டார், அதுதான் வினை. மகளின் தோழிகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் படித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் மகள் "சாப்பிட்டேன்", "தூங்கப் போறேன்" என்பதோடு சரி.

அக்காவுக்கு உடனே உறைக்கவில்லை. ஒரு மதியம் மகள் கடைக்கு வந்து என்னிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளிருந்து வந்ததும் பேச்சு நின்றது.

"என்னடி, எனக்கும் சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

"ஒண்ணுமில்லம்மா. சொன்னா ஞாயித்துக்கிழமை வந்துடும்."

அக்கா திரும்பிப் போய்த் தேய்க்கும் இயந்திரத்தை ஓட விட்டார். அதில் லென்ஸ் எதுவும் இல்லை.

அந்த வாரமே விடுப்பு அறிவித்தார். அறிவித்த அழகைச் சொல்ல வேண்டும். ஏன் விடுப்பு, மனம் எப்படி உறுத்துகிறது, வாசகர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதியதிலேயே நீளமான மடல் அதுதான். உடம்புக்கு என்ன என்று கேட்டுப் பதில்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார். அடுத்த ஞாயிறு, விடுப்பு எப்படிப் போகிறது என்று இன்னொரு மடல். ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்துவிட்டது.

"என்னக்கா, லீவுல ஓவர்டைமா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. கடை சாத்தும் நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் குனிந்து உள்ளே வந்து, "இந்த ஸ்க்ரூ மட்டும்" என்றார். அக்கா முறுக்கிக் கொடுத்தார். அவர் பின்னாலேயே இன்னொருவர். அவரையும் அனுப்பிவிட்டு ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாதி இறக்கி வெச்சா குனிஞ்சு வரத்தான் செய்வாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல தம்பி."

வெளியே வந்து, தானே தரைவரை இழுத்துப் பூட்டினார். வீட்டுக்குப் போகும் பேருந்தில் நின்றபடியே வாசகர்களுக்கு எழுதினார்: 'கொஞ்ச காலம் எழுத மாட்டேன். நான் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.' காரணம் இல்லை, மன்னிப்பும் இல்லை. பதில்கள் வந்து விழும் பெட்டியைக் கைப்பேசியிலிருந்தே நீக்கிவிட்டார். விடாமல் எழுத அவரிடம் இருந்த வைராக்கியத்தை நான் முன்பே அறிவேன். எழுதாமல் இருக்க அதைவிடப் பெரிய வைராக்கியம் வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

முதல் ஞாயிறு திண்டாடிவிட்டார். "கைய எங்க வெக்கிறதுன்னே தெரியல தம்பி. தலை சுத்துது."

"புதுக் கண்ணாடி போட்டா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்றேன். தினமும் வாடிக்கையாளர்களுக்கு அவர் சொல்வதுதான்.

"என் மருந்து எனக்கேவா" என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு வெயில் ஏறும்வரை தூங்கினாராம். "தப்பு செஞ்ச மாதிரியே இல்ல தம்பி. அதான் ஆச்சரியம்" என்று கண்ணாடி துடைக்கும் துணியை உதறினார். முகம் தெளிந்திருந்தது. மகள் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அவள் வந்தாள். முதல் வேலைக்கான நேர்காணல் முடிந்து நேராக வந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "வெளிய போகாதுல்ல?"

"ஞாயித்துக்கிழமைக் கடைதான் சாத்தியாச்சேடி."

"உக்காரச் சொன்னாங்கம்மா. கெத்தா கால் மேல கால் போட்டேன். அப்பதான் பாக்கறேன், ஒரு கால்ல கறுப்பு ஷூ, இன்னொரு கால்ல பழுப்பு. கேள்வி கேக்க உக்காந்திருந்த மூணு பேரும் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் அடித்தும் கொடுத்தாள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கே கை பரபரத்தது. இப்படி ஒரு சமாச்சாரத்துக்காக எழுதுகிறவர்கள் தவம் கிடப்பார்கள். அக்காவின் வலது கை தானாகவே கோட்டுப் பைக்குள் போயிற்று. மகள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

அக்கா பேனாவை எடுத்து, மூடியை அழுத்தி என்னிடம் நீட்டினார். "ம், அப்புறம்?" என்று மகளைக் கேட்டபடி, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.