விடுபட்ட ஒன்பது பக்கம்

எங்கள் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவர் புள்ளியக்காதான். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும், அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போனவனைப் பார்ப்பது போல டைப் அடித்தவனைப் பார்ப்பார். முப்பத்தோரு வருடம் பிழை திருத்தினார். அத்தனை வருடத்தில் அவருடைய கண்ணாடி மூன்று மடங்கு கனத்தது. மேஜை மட்டும் அதே மேஜை.

அந்த மேஜைக்கு எதிரே என் மேஜை. நான் பழைய பிரதியைச் சத்தமாகப் படிப்பேன். அக்கா புதிதாக அடித்த தாளின் மேல் ஸ்கேலை வைத்து வரிவரியாக நகர்த்திக்கொண்டு வருவார். கமா வந்தால் "கமா" என்பேன், பத்தி முடிந்தால் மேஜையைத் தட்டுவேன். கதாநாயகி உயிரை விடும் இடத்தைக்கூட "என்னை மன்னித்துவிடுங்கள் கமா" என்று படித்த பாவி நான். இலக்கியம் எனக்குக் கசந்துபோனது அப்படித்தான்.

அக்காவுக்குக் கசக்கவில்லை, அலுத்திருந்தது. வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கி, பஸ் ஓட்டும் வேலை போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. மாலையில் வீட்டுக்குப் போனதும் அவருக்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்ட வேண்டும். "கண்ண மூடினாலும் எழுத்துதான்டா ஓடுது. அதுலயும் பிழை தேடுறேன்" என்பார். அறுபது முடிய நான்கு மாதம்தான் பாக்கி. இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருந்தார். வேலை மேல் ஆசையில்லை. வீட்டில் வேறு வருமானம் இல்லை, அவ்வளவுதான்.

இது போதாதென்று மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம். கீழே கடையில் அலமாரிகளை ஒதுக்கி நாற்பது நாற்காலி போடுவோம். பழைய நாவல் ஒன்று, அதை வைத்து எடுத்த படம் ஒன்று, இரண்டில் எது உசத்தி என்று பேச்சு. நடத்துவது அக்கா. வருகிறவர்களும் வழக்கமான ஆட்கள்தான். தையல்காரர் ஒருவர், "நாவல்ல அவன் ஒல்லிக்குச்சி. படத்துல பட்டன் தெறிக்குது. அளவே எடுக்காம ஆளப் போட்டிருக்கானுங்க" என்பார். மருந்துக்கடைக்கார அம்மா, "மூணு வாரம் படிச்சு அழுதத ரெண்டு மணி நேரத்துல அழ வச்சுட்டாங்க, எனக்கு அது போதும்பா" என்பார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர் எந்தப் படத்தையும் பார்க்காமலே பிடிக்கவில்லை என்பார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மைக்கை அணைத்ததும் அவர் விடுகிற பெருமூச்சு எனக்கு மட்டும் கேட்கும்.

இந்த வருடம் அவர்கள் கையில் சிக்கியது எங்கள் பதிப்பகத்தின் சொத்து மாதிரியான ஒரு நாவல். அண்ணனும் தங்கையும் மட்டும் இருக்கிற வீடு. அண்ணன் நொடித்துப்போய் அறைக்குள் அடைந்துகொள்கிறான். தங்கை மறுநாளே பெட்டியோடு படியிறங்கிவிடுகிறாள். ஈவிரக்கம் இல்லாதவள் என்று அவளைத் திட்டாத வாசகன் கிடையாது. புதிதாக வந்த படத்தில் அதற்கு முன்னால் ஒரு காட்சி இருந்தது. ராத்திரி முழுக்க அவள் அண்ணன் அறை வாசலில் உட்கார்ந்து, "நான் சம்பாதிக்கிறேன், நீ வெளியே வா, நாம ரெண்டு பேரும் பிழைச்சுக்கலாம்" என்று கெஞ்சுகிறாள். அவன் திறக்கவே இல்லை.

வாசகர்கள் கொதித்துவிட்டார்கள். திரைக்கதை எழுதிய பெண், இது நாவலில் இருப்பதுதான், ஏதோ நூலகத்தில் நைந்துபோன பிரதியில் படித்தேன் என்று பேட்டி கொடுத்தாள். எல்லோரும் எங்கள் பதிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் இல்லை. பொய்க்காரி என்று அவளை வசைபாடி எங்களுக்கே அறுபது கடிதம் வந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். சண்டை சூட்டில் புத்தகம் பறந்துகொண்டிருந்தது.

"அந்தக் காட்சி மூலத்துல கிடையாதுன்னு நீங்களே ஒரு அறிக்கை எழுதி கூட்டத்துல வாசிச்சிடுங்கம்மா. நீங்க சொன்னா ஒருத்தனும் மறுபேச்சு பேச மாட்டான். உங்க ரெண்டு வருஷத்துக்குத் திங்கக்கிழமை கையெழுத்து போட்டுடறேன்" என்றார்.

சரிபார்க்காமல் ஒரு கமா கூடப் போடாதவர் அக்கா. குடோனிலிருந்து முதல் பதிப்பை எடுத்துவரச் சொன்னார். நான் அதைப் படிக்க, அவர் இப்போது விற்கும் பதிப்பின் மேல் ஸ்கேலை நகர்த்தினார். அண்ணன் அடைந்துகொள்ளும் அத்தியாயம் 'கதவு திறக்கவில்லை' என்று முடிந்தது. பத்தி முடிந்ததாக மேஜையைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் படித்தேன். அக்காவின் ஸ்கேல் நகரவில்லை.

"என்னடா படிக்கிற? இங்க அப்படி இல்லையே."

முதல் பதிப்பில் ஒன்பது பக்கம் அதிகமாக இருந்தது. ராத்திரி, வாசல், கெஞ்சல், எல்லாம். அந்த அத்தியாயமும் 'கதவு திறக்கவில்லை' என்றே முடிந்தது. எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது பழைய வியாதி. டைப் அடிப்பவனின் கண் ஒரு வரியிலிருந்து, அதே மாதிரி இருக்கும் இன்னொரு வரிக்குத் தாவிவிடும். நடுவில் இருப்பது போய்விடும். அந்த நாவலில் அத்தியாயங்களுக்கு எண்ணும் கிடையாது, மூன்று நட்சத்திரம்தான். இருபத்து மூன்று வருடத்துக்கு முன் மறுபதிப்புக்காகப் புதிதாக அடித்தபோது நடந்திருக்கிறது. எதிரே ஒருவர் படித்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும். அன்றைக்கு எதிரே படிக்க வேண்டியவன் நான்தான். காய்ச்சல் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, வேறொரு நாவலை வைத்து எடுத்த படத்துக்குப் போயிருந்தேன். அச்சகத்துக்காரன் அவசரப்படுத்தினான் என்று அக்கா அந்தத் தாள்களைத் தனியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தனியாகப் படித்தால் கதை கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், பள்ளம் தெரியாது. மறுநாள் நான் வந்து, "நாவல் மாதிரி இல்லக்கா படம்" என்று சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"விடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது? அறிக்கைய வாசிச்சிட்டுப் போங்க. ரெண்டு வருஷம்க்கா" என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ரொம்ப அசதியா இருக்குடா. அந்தத் தங்கச்சிய நானே கூட்டத்துல கல்நெஞ்சக்காரின்னு பேசியிருக்கேன். எத்தன தடவ பேசியிருக்கேன்! அவ வாய அடைச்சு வச்சதே நான்தானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதவில்லை, ஆட்கள் அலமாரியில் சாய்ந்து நின்றார்கள். அக்கா அறிக்கையை வாசிக்கவில்லை. முதல் பதிப்பைப் பிரித்து அந்த ஒன்பது பக்கத்தையும் படித்தார். எத்தனையோ வருடம் என் வாயால் கேட்டவர், அன்றைக்குத்தான் தன் வாயால் படித்தார். கமா என்று சொல்லவில்லை. கமா வந்த இடங்களில் மூச்சு வாங்கினார். முடித்துவிட்டு, "இது நான் தவறவிட்டது. படத்துக்கு எழுதின பொண்ணு பொய் சொல்லல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மருந்துக்கடைக்கார அம்மா, "அப்போ அண்ணன வரச்சொல்லிக் கேட்டுட்டுத்தான் போயிருக்கா" என்றார். ஹெட்மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப வந்து சொன்னா எப்படிம்மா? நான் அவள வெறுத்தே பழகிட்டேன். இந்த வயசுல மாத்திக்கவா?" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பின்னால் நின்ற முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "ரெண்டு பேர் உட்கார்ந்து படிக்கிறதுதானே வழக்கம்? அன்னிக்கு எதிர்ல படிச்சது யாரு?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் இல்லைங்க. நான் தனியாத்தான் படிச்சேன்."

பொய் என்று சொல்ல முடியாது. நான் எழுந்திருக்கலாம். எனக்கு இன்னும் ஒன்பது வருட வேலை இருந்தது, கடைசிப் பெண் காலேஜில் இருந்தாள், காரணத்துக்கா பஞ்சம்? ஆறாவது வரிசையில் உட்கார்ந்தே இருந்தேன். திங்கட்கிழமை கையெழுத்து விழவில்லை. நான்கு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

விடுபட்ட அத்தியாயத்தோடு புதிய பதிப்பு கொண்டுவந்தோம். பிரமாதமாகப் போகிறது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரருக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைத்தான் திறந்தார். பிழை திருத்தம் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அவர் பெயரையும் போடச் சொல்லி நான் முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டேன் என்று அவரிடம் பொய் சொல்ல வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அக்கா பக்கத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, விரலை வைத்து என் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

"பேருல பிழையில்லடா" என்று சொல்லி, புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.