பதினான்காம் நிபந்தனை

நாத்தனாரைப் பற்றி அண்ணி நாலு நல்ல வார்த்தை சொன்னால் ஊர் நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும். என் கணவரின் தங்கை ஒரு வக்கீல் ஆபீசில் இருபது வருடத்துக்கும் மேலாக டைப்பிஸ்ட். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'தடதட'. அவளுக்கு நடந்ததை யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

அவள் அடிக்கிற வேகத்துக்குத்தான் அந்தப் பெயர். வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மனுவைச் சொல்லச் சொல்ல, இவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி அடிப்பாள். ஓர் எழுத்துப் பிசகாது. என்னடி அடித்தாய் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பாள்.

"காதுல வாங்கி வெரல்ல விடறதுதான் அண்ணி. நடுவுல மூளைக்கு வேலையே இல்ல. படிச்சுக்கிட்டே அடிச்சா வேகம் போயிடும்" என்பாள்.

அடித்த ஒவ்வொரு தாளிலும் இடது கீழ்மூலையில் தன் பெயரின் இரண்டு எழுத்தைச் சின்னதாகப் போடுவாள். யார் அடித்தது என்று பின்னால் தெரியவேண்டுமாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கோர்ட்டுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் தூக்கிக்கொண்டு போவாள். வாசலோடு சரி. "டைப்பிஸ்டெல்லாம் வெளிய நில்லுங்க" என்பான் சேவகன். நின்று நின்று முப்பத்தெட்டு வயதில் ஓர் ஆசை முளைத்தது.

"ஒரே ஒரு தடவ உள்ள நின்னு, 'கனம் கோர்ட்டார் அவர்களே'ன்னு சொல்லிடணும் அண்ணி. அப்புறம் செத்தாலும் பரவால்ல."

"சொல்லிட்டு உயிரோடவே வா. கேஸ் நடத்த ஆள் வேணும்ல" என்றேன்.

எங்கள் ஊர்த் தனியார் சட்டக் கல்லூரியில் பகல் படிப்பு ஒன்று, மாலைப் படிப்பு ஒன்று. பகலுக்கு நுழைவுத் தேர்வு, வயது வரம்பு எல்லாம் உண்டு. மாலைக்கு எதுவும் கிடையாது. கட்டணத்தில் மட்டும் கல்லூரி எந்தப் பாரபட்சமும் காட்டவில்லை. ப்ராஸ்பெக்டஸின் அட்டையிலேயே, 'படித்து முடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் பணியில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குமேல் புரட்ட எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் கல்லூரிக்குச் சட்ட ஆலோசகர் இவளுடைய வக்கீல்தான். அவரைவிட யாரைக் கேட்பது?

"சார், மாலைப் படிப்புல சேர்ந்தா வக்கீலாகலாமா?"

"தாராளமா சேரும்மா! உன் அனுபவம் யாருக்கு இருக்கு? சிபாரிசுக் கடிதம் நானே தர்றேன்."

அந்தக் கடிதத்தையும் இவள்தான் அடித்தாள். வீட்டுக்கு வந்து, "அப்பா ஸ்தானத்துல இருந்து சொல்றார் அண்ணி" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் அம்மா விட்டுப்போன நாலு வளையலும் முதல் வருடக் கட்டணத்துக்கே போயின. நான்கு வருடம், ஐந்து மணி வரை வேலை, எட்டரை வரை வகுப்பு. "இவ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றார் என் கணவர். "நீங்க படிச்சுக் கிழிச்சதத்தான் பார்த்துக்கிட்டிருக்கேனே" என்றேன்.

இரண்டாம் வருடத்திலிருந்து வக்கீல் மனுக்களைச் சொல்வதையே விட்டுவிட்டார். "உனக்குத்தான் இப்பத் தெரியுதே, நீயே எழுதிடு" என்பார். இவள் எழுதுவாள், அவர் கையெழுத்துப் போடுவார். சம்பளம் டைப்பிஸ்ட் சம்பளம்தான். சாருக்கு எவ்வளவு நம்பிக்கை பார் என்று நாங்கள் இரண்டு அசடுகளும் பூரித்துப்போனோம்.

கல்லூரியில் மூன்றாவதாகத் தேறினாள். நான் தையல்காரி, கறுப்புக் கோட்டை என் கையாலேயே தைத்தேன். வக்கீலாகப் பதிவு செய்கிற அலுவலகத்துக்கு அதை மடித்துப் பையில் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மாலைப் படிப்பும்மா. சட்ட அறிவுக்குத்தான். இத வச்சுப் பதிய முடியாது. சேரும்போதே சொல்லியிருப்பாங்களே?"

அங்கிருந்து நேராகக் கல்லூரிக்கு ஓடினோம். சேர்க்கைப் பிரிவுப் பெண் இவள் சேர்ந்த வருட ப்ராஸ்பெக்டஸின் மூலப் பிரதியை, அச்சுக்குப் போன டைப் தாள்களை, கொண்டுவந்து விரித்தாள். கடைசிப் பக்கம், பதினான்காம் நிபந்தனை: 'மாலைப் படிப்பில் தேறியவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தகுதி பெறமாட்டார்.' அடியில் சட்ட ஆலோசகர் என்று வக்கீலின் கையெழுத்து. தேதி, இவள் சேர்ந்ததற்கு ஒரு மாதம் முந்தியது.

இடது கீழ்மூலையில் சின்னதாக இரண்டு எழுத்து.

தடதட அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். "நான்தான் அண்ணி" என்றாள்.

ஆபீசுக்கு வந்தோம். வக்கீல் அன்று வந்த தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் எங்கிட்டச் சொல்லல?"

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீதானேம்மா அடிச்ச? தெரிஞ்சுதான் சேர்றேன்னு நெனச்சேன். படிச்சது ஒண்ணும் வீண் போகலையே, மனுவெல்லாம் நீதானே எழுதற."

பாவி! கூடவே இருந்து குழி பறித்துவிட்டு, மண்வெட்டியை அவள் கையிலேயே கொடுக்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "இருபத்திரண்டு வருஷம் சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் அடுத்த உறையைப் பிரித்தார்.

மறுநாளும் வேலைக்குப் போனாள். வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். "இந்த வயசுல வேற எங்க அண்ணி போறது?" என்றாள். கோட்டு என் தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. பிரித்துவிடுங்கள், நல்ல துணி என்றாள். எனக்குக் கை வரவில்லை.

அடுத்த வருட ப்ராஸ்பெக்டஸ் வந்தது. மூன்றாம் பக்கத்தில் இவள் படம்! 'எங்கள் மாணவி, முன்னணி வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியில்.' அதே நாற்காலி, அதே மேஜை. அந்தத் தொண்ணூற்றிரண்டு பேரில் ஒருத்தியாக இவளையும் எண்ணிவிட்டார்கள்.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க அவள் ஆபீசுக்குப் போயிருந்தேன். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் ப்ராஸ்பெக்டஸோடு வந்தாள்; வக்கீலிடம் சிபாரிசுக் கடிதம் வேண்டுமாம். படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்கதானே? மாலைப் படிப்பு படிச்சா வக்கீலாகலாமாக்கா?"

வக்கீல் அறையின் கதவு திறந்தே இருந்தது. தடதட கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தாள்.

"இந்தப் பதினாலாவத வாய்விட்டுப் படிங்க. சத்தமா."

அந்தப் பெண் படித்தாள். பாதியில் குரல் இறங்கியது. "முழுசாப் படிங்க" என்றாள் இவள்.

"என்னம்மா அங்க சத்தம்?" என்றது உள்ளேயிருந்து குரல்.

தடதட எழுந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த அறையைப் பார்த்துக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்ல சார். அன்னிக்கு உங்கள நம்பிப் படிக்காம அடிச்சேன். இன்னிக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன்."