மூன்று ஓவன்களும் ஒரே சாம்பல் நிறமும்

இரும்புப் பெட்டிகளுக்குப் பெயின்ட் பூசி ஓவனில் சுடும் பொம்மசந்திரா ஆலையொன்றில் சிந்துவுக்குத் தரப் பரிசோதனை வேலை. ஆம்பூரிலிருந்து வந்தவள், பொம்மனஹள்ளி அறையில் தனித்திருந்து பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றவள். ஓவன்களின் வெப்பத்தை அதில் கோடுகளாக வரைவது, ஒருமுறை செய்துகாட்டிய குற்றத்துக்காக அவள் தலையில் விழுந்த வேலை. பொறுமை அவளுக்குப் பிறவிக் குணமன்று. ஒசூர்ச் சாலையில் பேருந்தில் நின்றே வருகிறவளுக்கு எஞ்சியிருப்பதும் கொஞ்சமே.

அன்று காலை அந்தக் கொஞ்சமும் தீர்ந்தது. திரையில் அவள் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்திருந்த மூன்று கோடுகளும் ஆலையின் கறுப்பு வெள்ளை பிரிண்டரில் ஒரே சாம்பலாக வெளிவந்திருந்தன. எந்தக் கோடு எந்த ஓவனுடையது என்று சொல்லும் மூலைப்பெட்டி, அவர்கள் வாயில் ‘லெஜெண்ட்’, பயனற்றுப் போயிற்று. மேலாளர் வெங்கடகிருஷ்ணன் தயங்கவில்லை. பெட்டியில் முதற்பெயர் ஓவன் ஒன்று. ஆகவே வெப்ப எல்லை தாண்டி உச்சியில் ஓடும் கோடும் அதுவே என்று முடிவுகட்டி, அதை இயக்கும் அலெக்சாண்டருக்கு மெமோ எழுதிவிட்டார். மேலாளர் அதில் கையெழுத்திட்டால் அலெக்சாண்டரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

“நான் சூடே ஏத்தல சிந்தும்மா. ஒரே பேஜாரு,” என்று அலெக்சாண்டர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“தெரியும்ணா. பின்னாடி நின்னு மூச்சு விடாதீங்க, கை ஓடல.”

வட்டம், சதுரம், முக்கோணம் எனக் கோட்டுக்கொரு குறியிட்டாள். குறிகளைத் தனிக் கட்டளையால் வரைந்ததால் பெட்டியில் அவை தோன்றவில்லை. அவற்றுக்கும் பெயரிட்டாள், ஒவ்வோர் ஓவனும் இருமுறை வந்து நின்றது. கோட்டையும் குறியையும் ஒரே கட்டளையில் இணைத்தபோது பெட்டி ஒழுங்காயிற்று. ஆனால் உச்சிக் கோட்டின்மேலேயே போய் உட்கார்ந்தது. வரைபடத்தின் சட்டகத்துக்கு வெளியே தள்ளினாள். சேமித்த படத்தில் பெட்டி பாதியோடு வெட்டுண்டிருந்தது.

“இதுக்கு நான் கையாலயே வரைஞ்சிருப்பேன்!”

“வரைஞ்சா அவர் ஒத்துக்குவாரா? கம்ப்யூட்டர் சொன்னாத்தான் அவருக்கு வேதம்,” என்றார் அலெக்சாண்டர்.

வெளிப்பெட்டியையும் சேர்த்துச் சேமிக்கும்படி கட்டளையைத் திருத்தி, அச்சிட்ட தாளோடு மேலாளர் அறைக்கு நடந்தாள். உச்சிக் கோட்டில் முக்கோணங்கள். பெட்டியில் முக்கோணத்துக்கு எதிரே ஓவன் மூன்று.

“ஓ, அப்போ ஆஞ்சலாவா?” வெங்கடகிருஷ்ணன் மெமோவில் அலெக்சாண்டர் பெயரை அடித்துவிட்டு, மூன்றாம் ஓவனை இயக்குகிறவளின் பெயரை எழுதத் தொடங்கினார்.

“சார்! மூணு ஓவன்லயும் செட் பண்ண சூடு ஒண்ணுதான். ஆஞ்சலாக்கா சரியாத்தான் வச்சிருக்காங்க. மிஷின்தான் தானா ஏறுது.”

“செட் பண்ணது இதுல எங்கம்மா இருக்கு? காட்டு.”

காட்ட முடியவில்லை, செட் செய்த சூட்டுக்கான கோட்டை அவள் வரையவேயில்லை. அவர் பேனாவுக்கு அடியிலிருந்து மெமோவை உருவிக்கொண்டாள்.

“செட் பண்ண சூட்டுக்கு இன்னொரு கோடு, லெஜெண்ட்ல இன்னொரு பேரு. போட்டு எடுத்துட்டு வர்ற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும் சார்.”