எறிய முடியாத வலது கை

என் பெயர் ஜெபா. போடி பஜாரில் எங்களுக்கு இரும்புக்கடை. கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. கர்த்தர் எனக்குச் செய்ததை என் சபையாருக்கு முன்பாகச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று நீண்ட நாளாக மனதில் இருந்தது. இதில் எனக்கு வெட்கம் தருகிற விஷயமும் உண்டு. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்லூரியில் நான் பேஸ்பால் ஆடுகிறேன். ஓடுகிறவர்கள் மிதிக்க வேண்டிய நாலு தளங்களில், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கிற இடம் என்னுடையது. ஷார்ட் ஸ்டாப் என்பார்கள். தரையோடு சீறி வருகிற பந்தைக் குனிந்து அள்ளி, நிமிர்வதற்குள் முதல் தளத்துக்கு எறிய வேண்டும். அந்த எறிதான் என் பலம். பல்கலைக்கழக அணிக்கு என்னை எடுப்பது உறுதி என்று கோச் சொல்லியிருந்தார்.

சென்ற வருடம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் பந்துக்காகப் பாய்ந்தேன். வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன எலும்பு முறிந்துவிட்டது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கூடுவதற்கு நாளாகும் என்றார் தேனியில் பார்த்த டாக்டர். எட்டு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் ஒரு மாதம் பந்தே எறியக் கூடாது என்றார்.

இங்கேதான் என் பாவம் வருகிறது. எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் ஃபேன்டஸி லீக் ஒன்று நடத்தினார்கள். பணம் கிடையாது, பொழுதுபோக்குதான். சுற்றுவட்டாரக் கல்லூரி அணிகளில் ஆடுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அவரவர் போனில் ஒரு அணியைச் சேர்க்க வேண்டும். நாங்கள் மைதானத்தில் நன்றாக ஆடினால் எங்களை வைத்திருப்பவர்களுக்குப் புள்ளி. என் மதிப்பு ஒன்பதரை. கிட்டத்தட்ட எல்லார் அணியிலும் நான் இருந்தேன். கை முறிந்ததும் அது நாலாக இறங்கியது. கட்டைப் பிரித்த வாரம் ‘ஜெபா திரும்ப வருகிறாள்’ என்று எழுதி ஏழு போட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வேதத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை. இரண்டாவது வாரமே, யாருக்கும் சொல்லாமல் மைதானத்துக்குப் பின்னால் போய்ச் சுவரில் எறிந்து பார்த்தேன். பத்தாவது எறியில் மணிக்கட்டுக்குள் ஏதோ நறுக்கென்றது.

எக்ஸ்ரேயில் பழைய கோடு மறுபடி தெரிந்தது. டாக்டர் படத்தை மேஜையில் வைத்தார். பிறகு, "இன்னும் எட்டு வாரம் கட்டு. அப்பவும் கூடலைன்னா ஆபரேஷன்தான் பாப்பா. பழையபடி எறியலாம்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்கள்: "அவுகதான் எறியக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாகளே. ஏன்த்தா இப்படிச் செஞ்ச?"

கோச்சிடம் விஷயத்தைச் சொன்ன அன்றே லீக்கில் என் மதிப்பு ஒன்றுக்கு இறங்கியது. ‘ஜெபாவை வைத்திருப்பவர்கள் இப்போதே அணியிலிருந்து தூக்கிவிடுங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது. முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது நான் இல்லாமலே முடிந்தது. என் இடத்தில் செல்வி நின்றாள். கடமலைக்குண்டுக்காரி. மூன்று வருடமாக எனக்குப் பக்கத்தில் இரண்டாம் தளத்தில் ஆடியவள். எனக்கு வந்த மெசேஜ்கள் குறைந்தன, பிறகு நின்றன. செல்வியிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை.

காலை ஒன்பது மணிக்கு அப்பாவும் அம்மாவும் கடைக்கு இறங்கிவிடுவார்கள். அதன்பின் வீட்டில் நான் மட்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறிய ஜீப்புகள் சாயங்காலம் திரும்பி வருவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவேன். பாதியில் வைத்துவிடுவேன். கீழே கடையில் அப்பா யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்கும். இறங்கிப் போய் உட்காரலாம். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பற்றிக் கேட்பார்கள். சில நாள் சாயங்காலம் வரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம். தலைக்குக் குளித்திருந்தேன். ஒற்றைக் கையால் சடை போட வரவில்லை. முடி சிக்கிக்கொண்டது. சீப்பு அதிலேயே மாட்டிக்கொண்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை நான் செய்த ஜெபமெல்லாம் என் இடத்தைத் திருப்பிக் கேட்டதுதான். அன்றைக்கு வேறு மாதிரி வந்தது. "ஆண்டவரே, கை கூடாவிட்டாலும் பரவாயில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று யாருக்காவது தெரியட்டும். என்னால் தனியாக இருக்க முடியவில்லை." அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

சனிக்கிழமை காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவைத் திறந்தால் செல்வி. தேனியில் பஸ் மாறி வந்திருக்கிறாள். உள்ளே வராமல் நின்றாள்.

"உன் எடத்த நான் பிடுங்கிட்டேன்னு கோவமா இருப்பன்னு நெனச்சேன்டி. அதான் போன் பண்ணக்கூட பயம்."

"எனக்கு யாரும் இல்லன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"இந்தா, நான் இருக்கேன்ல. அந்த லீக்ல எல்லாரும் ஒன்னையத் தூக்கிட்டாக. நான் இன்னும் தூக்கல."

"பைத்தியமா நீ? வாராவாரம் முட்டைதான வரும்?"

"வரட்டும். கடைசி எடத்துலதான் கெடக்கேன். இப்ப என்ன?"

பிறகு என் தலையைப் பார்த்தாள். "என்னடி இது, குருவிக்கூடு மாதிரி?" என்று தேங்காய் எண்ணெய் எடுத்து, ஒவ்வொரு சிக்காக எடுத்து, இறுக்கிச் சடை போட்டுவிட்டாள். அவள் விரல் தலையில் பட்டபோது எனக்குப் புரிந்தது, வியாழக்கிழமை நான் சொன்னதை ஒருவர் கேட்டிருக்கிறார் என்று. செல்வி வேறு சாமி கும்பிடுகிறவள். என் ஆண்டவர் அவளைத்தான் அனுப்பினார்.

கட்டு பிரிக்கும்வரை ஒரு சனிக்கிழமையும் அவள் தவறவில்லை. நானும் அம்மாவும் தினமும் காலையில் முழங்காலில் நின்றோம். நவம்பர் கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். "கூடிருச்சு பாப்பா. ஆபரேஷன் வேணாம்." அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து முக்காட்டுக்குள் அழுதார்கள்.

இந்த முறை எறியலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பந்தைத் தொட்டேன். அதற்கு பிப்ரவரி ஆகிவிட்டது. எறியில் பழைய வேகம் இல்லை. அதை மறைக்க மாட்டேன். கோச் என்னை இரண்டாம் தளத்தில் நிறுத்தினார். செல்வி என் பழைய இடத்தில். முதல் ஆட்டத்திலேயே பந்து அவளிடம் உருண்டு வந்தது. அள்ளி எனக்குத் தட்டிவிட்டாள். நான் தளத்தை மிதித்து முதல் தளத்துக்கு எறிந்தேன். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். செல்வி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நான் மைதானம் என்றும் பார்க்காமல் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது சபையில் படுக்கையில் இருக்கிறவர்களின் வீடுகளுக்கு ஞாயிறு மதியம் போகிறேன். பெரிதாக ஒன்றும் பேசத் தெரியாது. அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

என்னைத் தேடி வந்த தேவனுக்கு நன்றி. இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் பேச ஆளில்லாத ஒரு மதியம் இருக்கலாம். அழகான வார்த்தை தேட வேண்டாம். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். கேட்கிறார்.