விமானத்தில் இடம் போட்ட செல்வராணி டீச்சர்

செல்வராணி டீச்சர் போய்விட்டார். இன்று அதிகாலை, பூம்பாறையில், அவர் வீட்டில்.

என்னை விட்டுவிட்டு அவர் கிளம்புவது இது இரண்டாவது முறை...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொடைக்கானலில் நான் அறிவியல் எடுத்த பள்ளியில் அவர் கணக்கு எடுத்தார். இருபத்தாறு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூம்.

ஆள் குள்ளம். ஆனால் பஸ் வந்து நிற்பதற்குள் அவருடைய பச்சை மஃப்ளர் ஜன்னல் வழியாகப் பறந்துபோய் ஒரு சீட்டில் விழுந்திருக்கும். அப்புறம் அது எங்கள் சீட். நான் டீ குடித்துவிட்டு மெதுவாக வரலாம். பூம்பாறை பஸ் கண்டக்டர்களும், "மஃப்ளர் கெடக்கு, டீச்சர் வருவாங்க" என்று வண்டியை நிறுத்தி வைப்பார்கள்.

அந்த மஃப்ளர் எப்போதும் சரியான பஸ்ஸில்தான் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஓர் உதாரணம்.

ஒரு மே மாதம். திண்டுக்கல்லில் எங்கள் இருவருக்கும் ட்ரெய்னிங். டீச்சர் மஃப்ளரைப் போட்டார், ஏறினோம், உட்கார்ந்தோம். அது ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் டூர் பஸ்.

பாவம், நல்ல மனிதர்கள். யாரோ தூரத்துச் சொந்தம் என்று எண்ணி இட்லி கொடுத்தார்கள். தூண் பாறையைக் காட்டினார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்த ஊரை எங்களுக்கே சுற்றிக் காட்டினார்கள்... ட்ரெய்னிங்குக்கு வராததற்கு மெமோ வந்தபோது, "எடம் கெடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க டீச்சர்" என்றார் இவர்.

அதற்கெல்லாம் சிரித்தேன். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

பூம்பாறைப் பக்கத்துப் போளூரிலிருந்து வந்து எங்களிடம் படித்தவள் பூங்கொடி. ஆறாம் வகுப்பில் மைக்கைப் பார்த்தால் அழுவாள். ஒரு வருடம் முழுவதும் காலை ப்ரேயரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்று வருடத்துக்கு முன் மும்பையில் ஒரு கோடை இசை விழாவில் அவள் பாடினாள். எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பி, "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி உக்காந்தாத்தான் பாடுவேன்" என்றாள்.

ரிட்டயர் ஆன பிறகு நான் இவ்வளவு ஆசையாக எதற்கும் காத்திருந்ததில்லை.

மதுரை ஏர்போர்ட். விமானம் ஒரு மணி நேரம் லேட் என்றார்கள். பிறகு இரண்டு. பிறகு நான்கு. டீச்சருக்கு இருமல். வெந்நீர் இல்லாமல் அவருக்கு ஆகாது. கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் தேடிப் போனேன். அவருக்காகத்தான் போனேன்.

திரும்பி வந்தபோது திடீரென்று எல்லோரையும் விமானத்தில் ஏற்றியிருந்தார்கள்; அவரும் இல்லை, கைப்பையும் இல்லை. போர்டிங் பாஸ், ஆதார், போன் எல்லாம் அந்தப் பைக்குள்.

கேட்டில் நின்ற பெண் என் பெயரை லிஸ்ட்டில் தேடி, ஐடி கேட்டு, யாருக்கோ போன் போட்டு முடிப்பதற்குள் கதவை மூடிவிட்டார்கள். கையில் சூடாக ஃபிளாஸ்க்... கண்ணாடி வழியாக அந்த விமானம் நகர்வதைப் பார்த்தேன்.

பூங்கொடி பாடினாளாம். எங்கள் இருவருக்குமாக ஒரே பொன்னாடை. அதைப் போர்த்திக்கொண்டு மேடையில் நின்ற டீச்சரின் போட்டோவை நீங்களெல்லாம் இதே முகநூலில் லைக் செய்தீர்கள்.

ஊர் திரும்பியதும் என் வீட்டுக்கு வந்தார். என் கைப்பை, அந்தப் பொன்னாடை, கூடவே ஒரு கத்தரிக்கோல். "சரிபாதியா வெட்டிருவோமா டீச்சர்?"

எதற்கு ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"எடம் போடத்தான். ஒங்க சீட்டுல மஃப்ளரைப் போட்டு, பையையும் வச்சுட்டேன். அந்தப் புள்ளைகிட்ட, டீச்சர் வெந்நி வாங்கப் போயிருக்காங்க, செத்த நிப்பாட்டுங்கன்னு சொன்னேன். கேக்கல."

"நீங்க எறங்கியிருக்கலாம்ல?"

"எறங்குனா ரெண்டு சீட்டும் போயிருமே டீச்சர்."

கணக்கு டீச்சர் அல்லவா... பையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அதன் பிறகு அவர் போன் செய்தால் நான் எடுப்பதில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பூம்பாறை போக பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ்ஸுக்குள் அவர். என்னைப் பார்த்ததும் மஃப்ளரைக் கழுத்திலிருந்து எடுத்துப் பக்கத்துச் சீட்டில் போட்டார். கண்டக்டர் 'ரைட்' சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் அந்தப் பஸ் கிளம்பியது.

அன்று அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாராம். இன்று காலை அவர் மகள் போனில் சொல்லித்தான் தெரியும். ஏம்மா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்லக் கூடாதுன்னாங்க டீச்சர். டீச்சர் எம்மேல நல்லா கோவமா இருக்காங்க, அதைக் கெடுத்துறாதன்னாங்க."

எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துகொள்வீர்களா டீச்சர்? ஒரு தடவையாவது இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?

பூம்பாறை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் இதை எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போய் வாருங்கள், செல்வராணி டீச்சர். அங்கே எனக்கு இடம் போட்டு வைக்க வேண்டாம்.

நான் நின்றுகொண்டே வந்துகொள்கிறேன்.