இங்கிலீஷ் மேடத்தின் சான்றிதழ்கள் எங்கே?

நான் வேலை பார்த்த கல்லூரியின் தாளாளர் ஒரு பெண்ணின் படிப்பைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, அந்தப் பெண் சொன்ன வார்த்தைகளைத் தன் பெயரில் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அந்தப் புத்தகம் போன வாரம் என் கைக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் அக்கா மகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் ஒரு விமானம், அதன் கீழே கைகூப்பிய தாளாளர். விமானப் பொறியியலின் அடிப்படைச் சொற்களைத் தமிழ்வழி மாணவர்களுக்கு எளிமையாக விளக்குகிறதாம். ஆசிரியர் என்று தாளாளர் பெயரே போட்டிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே புரட்டினேன். லிப்ட் என்ற சொல்லுக்கு எதிரே, வேகமாகப் போகும் லாரியில் தார்ப்பாய் மேலே உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், இறக்கையைத் தூக்குவதும் அதேதான் என்று இருந்தது. டிராக் என்ற சொல்லுக்கு எதிரே, மோகனூர்க் காவிரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பாருங்கள், உங்களைப் பின்னால் பிடித்து வைப்பது அதுதான் என்று இருந்தது. பாதிச் சோற்றிலேயே தட்டில் கைகழுவிவிட்டு எழுந்தேன்.

அந்த வாக்கியங்கள் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கல்லூரியில் விமானப் பொறியியல் துறையில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். விமானத்தில் ஏறாமலே விமானம் பற்றிப் பாடம் நடத்தியவர்களில் நானும் ஒருவன். முதலாண்டு மாணவர்களுக்குத் துறைச் சொற்களை ஆங்கிலத்தில் பழக்கும் வகுப்பு ஒன்று உண்டு. அதை எடுத்தவர் இங்கிலீஷ் மேடம். செவ்வாய்ப்பேட்டைக்காரர். அப்பா ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர். ஞாயிறு காலை மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற குரல் மேடத்துக்கு. அந்தக் குரலால் வகுப்பில் ஒரு சொல்லை உச்சரித்துவிட்டு, உடனே என் அறைக்கு வந்து நிற்பார்.

“சார், எய்லரான்னா என்னங்க?”

“எறக்கை ஓரத்துல இருக்கிற பலகைங்க மேடம். ஒண்ணு மேல போனா இன்னொண்ணு கீழ போகும். விமானம் சாயும்.”

“அது புத்தகத்துலயே இருக்குதுங்க. எதுக்குச் சாயணும்?”

“திரும்பறதுக்கு.”

“நம்ம காலேஜ் பஸ்ஸு சாஞ்சா கவுந்துரும், இது சாஞ்சா திரும்புமா?”

“சைக்கிள்ல திரும்பறப்ப நீங்க சாய மாட்டீங்களா?”

“அப்ப சைக்கிள்னு மொதல்லயே சொல்லித் தொலைங்களேன் சார்! நேத்துலருந்து மண்டை காயுது.”

தனக்குப் புரியாத ஒரு சொல்லை மாணவர் வாயில் திணிக்க அவருக்குக் கூசியது. எங்கள் பக்கத்தில் அந்தக் கூச்சம் அபூர்வம். எங்கள் ஊர்ப் பள்ளிகள் மனப்பாடத்துக்குப் பேர்போனவை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்பைத் தொடங்கி, இரண்டு வருடம் ஒரே பாடத்தை உருட்டி, பண்ணைக்கோழிக்குத் தீவனம் வைப்பதுபோல் பதிலை உள்ளே தள்ளி அனுப்புவார்கள். அப்படி வந்த பிள்ளைகள், எதிர்க்காற்றுக்கு இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் தாக்குகோணத்தின் வரையறையை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். இறக்கையை ஒரு காகிதத்தில் வரைந்து அந்தக் கோணத்தைக் காட்டச் சொன்னால் பேனாவைப் பார்க்கும். கல்லூரியில் தமிழ் பேசினால் அபராதம் என்பதால், புரியவில்லை என்று சொல்லவும் வாய் வராது. மேடம் கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார்; பேசியதைக் குறிப்பாக எழுதி மாணவர்களுக்குக் கொடுத்தார். தார்ப்பாய் அவர் கண்ணில் பட்டது கல்லூரிப் பேருந்தில். முன்னால் போன லாரியைப் பார்த்து, “காத்து மேல போகுதுன்னா அமுக்கத்தானே செய்யணும், இது எதுக்குங்க சார் உப்புது?” என்று கேட்டார். மேலே ஓடுகிற காற்றுக்கு அழுத்தம் குறைவு, உள்ளே நிற்கிற காற்றுக்கு அழுத்தம் அதிகம், அது மேலே தள்ளுகிறது என்றேன். பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார்.

கல்லூரி வாசலில் ஒரு பழைய சிறு விமானம் நின்றது. எங்கோ கழித்துப் போட்டதைத் தாளாளர் வாங்கி, துண்டு துண்டாக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அவருக்கு ஏற்கெனவே லாரிகளும் கோழிப் பண்ணைகளும் உண்டு. விமானத்தை ஒன்று சேர்க்கும் வேலையைத் தன் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்கே கொடுத்தார். அவர்கள் பளபளவென்று கட்டித் தந்தார்கள். ஒருநாள் மேடம் ஸ்டூல் போட்டு ஏறி எய்லரானைக் கையால் தள்ளினார். அசையவில்லை. வால் பக்கம் போய், அங்கே செங்குத்தாக நிற்கும் திருப்புப் பலகையான ரட்டரைத் தள்ளினார். அதுவும் அசையவில்லை. உள்ளங்கையில் பெயிண்ட் ஒட்டியதுதான் மிச்சம். பட்டறை மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“ஏனுங்க, ரோட்டுல போற வண்டியில ஒரு பலகை லொடலொடன்னா ஓனரு எங்களைச் செருப்பால அடிப்பாருங்க. இதுல அஞ்சாறு பலகை ஆடுச்சு. எல்லாத்துக்கும் பட்டை வெச்சு ரிவெட் அடிச்சு உட்டுட்டமுங்க. இனி நூறு வருசத்துக்கு அசையாது.”

மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரிக் கூண்டில் ஆடுவது குற்றம், அவர் தொழில் அது. திருத்தச் சொல்லி நாங்கள் தாளாளரிடம் போனோம். “பறக்கவா போகுது? போட்டோவுல நல்லா உளுந்தாப் போதும்” என்றார். விமானத்தில் அசைந்தே ஆக வேண்டிய பாகங்களை எல்லாம் அசையாமல் அடித்து வைத்து, அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, அவற்றின் பெயர்களை ஒப்பிக்க வைக்கும் ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரியின் சம்பளத்தை நானும் வாங்கினேன்.

ஆய்வுக் குழு வந்த நாளில் விவகாரம் முற்றியது. துறைக்கு அனுமதி நீட்டிக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக ஒப்பிக்கும் மாணவர்களை விமானத்தைச் சுற்றி நிறுத்தினோம். குழுவின் பெரியவர், பனமரத்துப்பட்டியிலிருந்து வந்த ஒரு மாணவியிடம் எய்லரான் என்றால் என்ன என்று கேட்டார். ஒப்பித்தாள். அசைத்துக் காட்டு என்றார். அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார்.

“சார், தமிழ்ல சொல்லட்டுங்களா? இந்தப் பலகை மேல போனா இந்தப் பக்கத்து எறக்கை கீழ எறங்கும். அதே நேரம் அந்தப் பக்கத்துப் பலகை கீழ போகும், அந்த எறக்கை மேல தூக்கும். சைக்கிள் சாயற மாதிரி சாஞ்சு திரும்பும். ஆனா இதை அசைக்க முடியாதுங்க சார். ரிவெட் அடிச்சிருக்காங்க.”

அன்று அந்த வளாகத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அது. பெரியவர் ரிவெட்டை விரலால் தடவிப் பார்த்தார். சிரித்தார். பொண்ணுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தாளாளரிடமே சொன்னார். பிறகு எல்லாரும் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிடப் போனார்கள். அனுமதியும் கிடைத்தது. கல்லூரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதைக் கவனமாகப் படியுங்கள்: ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனாலும் அன்று மாலையே மேடத்தைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

“ஏனுங்க மேடம், உங்களை இங்கிலீசு சொல்லித்தரக் கூப்டமா, ரிவெட்டு எண்ணக் கூப்டமா?” என்றார் தாளாளர்.

“அந்த வார்த்தைக்கு அர்த்தமே அசையறதுதாங்க சார். அசையாததைக் காட்டி எப்படிச் சொல்லித்தர?”

“மன்னிப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க. இல்லீன்னா பீரோ பூட்டியே கெடக்கும்.”

பீரோ என்றால் என்ன என்று எங்கள் ஊரில் தனியார் கல்லூரியில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலையில் சேரும்போதே நம்முடைய அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாம். நடுவில் ஓடிவிடக் கூடாதாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, எங்களுக்குப் பட்டம். மேடம் மன்னிப்பு எழுதவில்லை. ராஜினாமா எழுதினார். சான்றிதழ்கள் பீரோவிலேயே தங்கிவிட்டன.

அடுத்த வருடம் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தேர்வானார். சரிபார்ப்புக்கு அசல் வேண்டும். கல்லூரி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. நகல்களோடு போனார். பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை போனது. காவல் நிலையத்தில், தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், அதை வைத்து மறுபடி சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார்கள். “தொலையலீங்களே, எந்த பீரோவுல இருக்குன்னு தெரியுமே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பொய் எழுதியிருந்தால் இந்நேரம் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்திருப்பார். இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறார்.

நானும் பிறகு வெளியேறினேன். என் சான்றிதழ்கள் ஒரே நாளில் வந்தன. என் மாமா தாளாளருக்கு ஒரு போன் போட்டார், அவ்வளவுதான். இரண்டு பேரும் தோட்டம் துரவு உள்ள, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகிற ஆட்கள். அப்போதே மேடத்தின் சான்றிதழ்களையும் கேட்டேன். தோளில் கைபோட்டு, “சாமி, நீ நம்ம பையன், உனக்குக் குடுத்தாச்சுல்ல? அடுத்தவங்க பாட்டை அவங்க பாக்கட்டும்” என்றார். அந்தக் கையின் பாரம் இன்னும் தோளில் இருக்கிறது. மேடத்துக்குப் போன் போட அப்படி ஒரு மாமா இல்லை.

மேடம் மறுபடி தேர்வெழுதித் தேறியிருக்கிறார். அடுத்த மாதம் சரிபார்ப்பு. வயது வரம்பின்படி இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. நான் இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது பில் போடுவதை நிறுத்தாமலே இரண்டு பக்கம் படித்தார். “வார்த்தையை வெச்சுக்கட்டும் சார், புள்ளைங்களுக்குப் போய்ச் சேந்தாச் சரி. என் டிகிரியக் குடுக்கச் சொல்லுங்க” என்றார். நான் அவ்வளவு நல்லவன் அல்ல.

தாளாளர் அவர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டி இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்கள். அதே மேடையில், அந்தப் பெற்றோர் முன்னால் பதில் சொல்லுங்கள். இதை எழுதியது யார்? அவருடைய சான்றிதழ்களை எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறீர்கள்? அடுத்த மாதத்துக்குள் தருவீர்களா, மாட்டீர்களா? என் மாமாவுக்குப் போன் போடாதீர்கள். மைக்கில் சொல்லுங்கள்.